அடைப்புக்குறிக்குள் ஓர் அரை விநாடி

ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்கின் ‘ஆன் த விட்னஸ் ஸ்டாண்ட்’ 1908ல் வெளிவந்தது. கோர்ட்டில் சாட்சி சொல்பவனின் கண்ணையும் காதையும் ஞாபகத்தையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கிற புத்தகம். சாட்சியத்தின் உளவியலைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் இந்தப் பெயரைத் தாண்டிப் போவதில்லை. நான் எழுத வந்தது முழுப் புத்தகத்தையும் பற்றி அல்ல. புலன்களின் மயக்கங்களைப் பேசுகிற கட்டுரையில், காலத்தைப் பற்றிய ஒரு பத்தியில், அடைப்புக்குறிகளுக்கு நடுவே இருக்கும் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி.

முதலில் சோதனை. மூன்ஸ்டர்பெர்க் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். ஒரு குளிர்காலத்தில், வழக்கமான வகுப்பின் தொடக்கத்தில், பீடிகை ஏதும் போடாமல் மாணவர்களிடம் சில சின்னக் கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுதித் தரச் சொன்னார். பல நூறு பேர் எழுதினார்கள். அவற்றில் கைக்கு வந்தபடி எடுத்த முதல் நூறு தாள்களை மட்டுமே கணக்கில் சேர்த்துக்கொண்டதாகச் சொல்கிறார். ஐம்பது கறுப்புச் சதுரங்கள் ஒட்டிய வெள்ளை அட்டையை ஐந்து விநாடி காட்டி எத்தனை என்று கேட்டார். இருபத்தைந்திலிருந்து இருநூறு வரை பதில் வந்தது. வட்டத்தைச் சுற்றி நகரும் ஒரு முள்ளைக் காட்டி அதன் வேகத்தை எதனோடாவது ஒப்பிடச் சொன்னார். ஒருவருக்கு அது நத்தை, இன்னொருவருக்கு எக்ஸ்பிரஸ் ரயில்.

பிறகு காலம். இரண்டு பலத்த சொடுக்குச் சத்தங்கள். நடுவே எத்தனை விநாடி என்பதை எண்ணிக்கையாக எழுத வேண்டும். முதல் தடவை உண்மையான இடைவெளி 10 விநாடி. பதில்கள் அரை விநாடியிலிருந்து 60 விநாடி வரை. கணிசமானவர்கள் 45 என்று எழுதினார்கள். இரண்டாம் தடவை 3 விநாடி. பதில்கள் அரை விநாடியிலிருந்து 15 விநாடி வரை. கேட்கப்போவது கால அளவு என்று முன்பே தெரிந்திருந்தும் இந்தச் சிதறல் என்றால், திடீரென்று கேட்கப்படும் சாட்சியின் கதி என்ன என்பது பேராசிரியரின் வாதம். கூக்குரலுக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று ஒரு வண்டிக்காரனைக் கேட்டு, அந்தப் பதிலின்மேல் ஒரு வழக்கை நிறுத்துகிறார்களே என்கிறார்.

வாதம் பலமானது. ஆனால் 10 விநாடிச் சோதனையின் முடிவைச் சொன்னவுடன் ஓர் அடைப்புக்குறி திறக்கிறது. அரை விநாடி என்று எழுதியவர் ஒரு சீனர் என்றும், ஒன்றிலிருந்து அறுபது வரை எழுதிய மற்றவர்கள் எல்லாரும் சராசரி அமெரிக்கர்கள் என்றும் ஒரு தகவல். அடைப்புக்குறி மூடுகிறது. பேராசிரியர் 3 விநாடிச் சோதனைக்குப் போய்விடுகிறார்.

இதை அந்தக் காலத்து மனிதர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு மேலே படிக்கலாம். அப்படிப் படித்தால் நஷ்டம் நமக்குத்தான் என்று நினைக்கிறேன். மனிதர்களின் அனுபவத்தை எண்களாகச் சேகரித்த பிறகு அந்த எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பெரிய கேள்வி இந்தச் சின்ன வாக்கியத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது.

எண்களையே பார்ப்போம். 10 விநாடியை 60 என்றவர் 50 விநாடி தவறினார். 45 என்றவர்கள் 35 விநாடி தவறினார்கள். அரை விநாடி என்றவர் தவறியது ஒன்பதரை விநாடி. கழித்தல் கணக்கில் அவர் இவர்கள் எல்லாரையும்விட உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார். எந்தக் கணக்கில் அவர் தனியாகத் தெரிகிறார்? வகுத்தல் கணக்கில். 60 என்பது உண்மையைப்போல ஆறு மடங்கு. அரை விநாடி என்பது இருபதில் ஒரு பங்கு. கால உணர்வைப் பொறுத்தவரை வகுத்தல் கணக்கே பொருத்தமானது என்பதற்குப் பின்னால் வந்த ஆய்வுகளில் ஆதாரம் உண்டு. இடைவெளி நீள நீள நம் மதிப்பீட்டின் தடுமாற்றமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் நீளுகிறது என்பதை ஜான் கிப்பன் 1977ல் ஒரு கோட்பாடாகவே வகுத்துக் கொடுத்தார். ஆக, பேராசிரியருக்கு அரை விநாடி விநோதமாகப் பட்டதற்கு ஒரு நியாயம் தேடித் தரலாம். ஆனால் அந்த நியாயத்தை அவர் சொல்லவில்லை. எந்தக் கணக்கில் தூரம் பார்க்கிறோம் என்ற கேள்வியையே எழுப்பவில்லை. தூரத்தை அளப்பதற்கு முன்பே ஊரைக் கேட்டுவிட்டார்.

சரி, விநோதமான பதில் என்றே வைத்துக்கொள்வோம். ‘சீனர்’ என்ற சொல் அதற்கு விளக்கம் ஆகுமா? 3 விநாடிச் சோதனையைத் திரும்பப் பார்க்க வேண்டும். அங்கேயும் அடிமட்டப் பதில் அரை விநாடிதான். எழுதியவர் யார் என்று அங்கே சொல்லப்படவில்லை. இரண்டு வழிதான் உண்டு. எழுதியவர் அதே மாணவர் என்றால், 10 விநாடியும் 3 விநாடியும் அவர் தாளில் ஒரே எண்ணாக விழுந்திருக்கின்றன. அப்படியானால் அவர் ‘அரை விநாடி’ என்று எழுதியது அளவாக அல்ல, கொஞ்ச நேரம் என்ற அர்த்தத்தில். அது சொல் சம்பந்தமான விஷயம், காலப் பிரக்ஞை சம்பந்தமானது அல்ல. எழுதியவர் வேறொருவர் என்றால், பேராசிரியரின் சராசரி அமெரிக்கர் ஒருவரும் அரை விநாடி என்று எழுதக்கூடியவரே. எந்த வழியில் போனாலும் அடைப்புக்குறி நிற்காது. ஒற்றை மனிதர், ஒற்றைப் பதில். அதை வைத்து ஒரு தேசத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது புள்ளியியல் படிக்காதவனுக்கும் தெரிந்ததுதான்.

பேராசிரியர் நேரடியாக எதுவும் சொல்லவில்லையே, தகவல்தானே கொடுத்தார் என்று கேட்கலாம். தகவல்தான். ஆனால் நூறு தாள்களில் ஒரு தாளுக்கு மட்டும் கொடுத்த தகவல். 60 எழுதியவர் பாஸ்டன்காரரா, பண்ணை வீட்டிலிருந்து வந்தவரா, முந்திய இரவு தூங்கினாரா, எதுவும் இல்லை. இந்த ஒரு தாளுக்கு மட்டும் எழுதியவர் யார் என்று தேடிப் பார்த்திருக்கிறார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் பத்தியில் சராசரி என்ற எண்ணே கிடையாது. நூறு பதில்களைக் கூட்டி வகுத்த எண்ணும் இல்லை, வரிசையில் நடுவே நிற்கும் எண்ணும் இல்லை. இரண்டு கோடிகளும், 45ல் ஒரு கூட்டமும் மட்டும். சராசரி என்ற சொல் வருவது மனிதர்களுக்கு அடைமொழியாக. கணக்கில் இல்லாத சராசரி ஜாதியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பேராசிரியருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே இதே பிரச்னை வேறொரு இடத்தில் வந்திருக்கிறது. கிரீன்விச் வானாய்வுக் கூடம். தொலைநோக்கியின் பார்வைப் புலத்தில் மெல்லிய கம்பிகள். நட்சத்திரம் கம்பியைக் கடக்கும் கணத்தை, பக்கத்திலிருக்கும் கடிகாரத்தின் துடிப்பைக் காதால் எண்ணிக்கொண்டே, கண்ணால் கணித்து விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை எழுத வேண்டும். தலைமை வானியலர் நெவில் மாஸ்கலைனுக்கு உதவியாளராக இருந்தவர் டேவிட் கின்னப்ரூக். 1795ல் அவர் எழுதிய நேரங்கள் எஜமானரின் நேரங்களிலிருந்து அரை விநாடி விலகத் தொடங்கின. எச்சரித்தும் பயனில்லை. 1796ல் விலகல் பத்தில் எட்டுப் பங்கு ஆயிற்று. மாஸ்கலைன் அவரை வேலையிலிருந்து நீக்கினார். கின்னப்ரூக் 1802ல் இறந்துபோனார்.

மாஸ்கலைன் தன் அவதானிப்புப் பதிவுகளிலேயே இந்த விஷயத்தைக் குறித்து வைத்திருந்தார். அது இருபது வருஷம் கழித்து கோனிக்ஸ்பெர்கில் இருந்த ஃபிரீட்ரிஷ் பெஸ்ஸலின் கண்ணில் பட்டது. பெஸ்ஸல் கேட்ட கேள்வி எளிமையானது: எஜமானர் சரி, உதவியாளர் தப்பு என்று யார் சொன்னது? தன்னையே மற்ற வானியலர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1823ல் தனக்கும் ஆர்கெலாண்டருக்கும் இடையே ஒரு விநாடிக்கும் அதிகமான வித்தியாசம் இருப்பதைக் கண்டார். இருவரும் தேர்ந்தவர்கள், இருவரும் கவனமானவர்கள். வித்தியாசம் யாருடைய குற்றமும் அல்ல. இரண்டு பேருக்கு இடையே இருக்கிற ஒன்று, அவ்வளவுதான். வானியலில் இதற்கு ‘தனிநபர்ச் சமன்பாடு’ என்று பெயர் வந்தது. நம்முடைய கால உணர்வை அளக்கலாம் என்ற எண்ணத்துக்கு இதுவும் ஒரு ஊற்றுக்கண்.

பாங்கில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இந்த இடம் சுலபமாக விளங்கும். சாயங்காலம் கணக்கு முட்டவில்லை. வித்தியாசம் எங்கே என்று தேடியும் அகப்படவில்லை. அந்தத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். காரணம் தெரியும்வரை அது யார் பேரிலும் பற்று எழுதப்படாமல் அங்கே கிடக்கும். பெஸ்ஸல் செய்தது ஏறத்தாழ அது. மாஸ்கலைன் செய்தது, தேடுவதற்கு முன்பே கவுண்டரில் இருந்தவன் பேரில் எழுதியது. மூன்ஸ்டர்பெர்க் பெஸ்ஸலுக்குப் பிறகு வந்தவர், லைப்ஸிக்கில் வுண்ட்டிடம் பயின்றவர், இந்தச் சரித்திரத்தை அறிந்தவர். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேரின் வித்தியாசத்தை மனித இயல்பு என்று சஸ்பென்ஸில் போட்டார். ஒருவருடையதை மட்டும் பேர் போட்டு எழுதினார்.

45க்கு வருவோம். 10 விநாடியை ஏன் அத்தனை பேர் 45 என்றார்கள்? 44 என்றோ 47 என்றோ அல்லாமல் 45? கடிகார முகத்தில் 45 என்பது முக்கால் நிமிஷம். 60 ஒரு நிமிஷம். 15 கால் நிமிஷம். இவர்கள் விநாடிகளை எண்ணவில்லை, நிமிஷத்தைப் பின்னமாக்கிச் சொன்னார்கள் என்பது என் ஊகம். ஒருவனிடம் இடைவெளியை எண்ணாகச் சொல் என்று கேட்கும்போது இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கேட்கிறோம்: எவ்வளவு நேரமாக உணர்ந்தாய், அந்த நேரத்துக்கு உன் பாஷையில், உன் பழக்கத்தில் என்ன பெயர். உளவியலில் இதற்கு மாற்றான முறை உண்டு. கேட்ட இடைவெளியைத் தட்டிக் காட்டச் சொல்வது. சொல்லின் குறுக்கீடு அதில் இல்லை. கார்ல் ஃபியரோர்ட் 1868ல் டூபிங்கனில் வெளியிட்ட கால உணர்வு ஆராய்ச்சியிலேயே அந்த முறை இருக்கிறது. மூன்ஸ்டர்பெர்க் அதை அறியாதவர் அல்ல. கோர்ட்டில் சாட்சி எண்ணைத்தான் சொல்கிறான் என்பதால் எண்ணைக் கேட்டார், அது நியாயமே. ஆனால் எண்ணைக் கேட்டுவிட்டு, வந்த பதிலை வெறும் உணர்வு என்று படிக்க முடியாது.

தமிழில் இதற்கு ஓர் உதாரணம் கையருகே இருக்கிறது. விநாடி என்று நாம் இன்று செகண்டைத்தான் சொல்கிறோம். பழைய கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. அந்த விநாடி இன்றைய 24 செகண்டு. நாழிகைக் கணக்கில் வளர்ந்த ஒருவர் அந்த வகுப்பில் இருந்து, 10 செகண்டு இடைவெளியைக் கேட்டு ‘ஏறக்குறைய அரை விநாடி’ என்று எழுதியிருந்தால், அவருடைய பதில் உண்மைக்கு மிக அருகில் இருந்திருக்கும். தாளில் எழுதிய எண் மட்டும் அதே அரை. சீன மாணவரும் தம் நாட்டு அலகு ஒன்றில்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் அலகையும் பாஷையையும் விட்டுவிட்டு, ஒருவனுடைய காலத்தைப் படித்துவிட்டதாக நினைப்பது எவ்வளவு ஆபத்து என்றுதான் சொல்கிறேன். அந்த மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டதாகப் புத்தகத்தில் இல்லை.

மூன்ஸ்டர்பெர்கைச் சின்ன மனிதராகக் காட்டுவது என் நோக்கம் அல்ல. 1906ல் சிகாகோவில் ரிச்சர்ட் ஐவன்ஸ் என்ற இளைஞன் கொலைக் குற்றத்துக்குத் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய ஒப்புதல் வாக்குமூலம் உண்மையாக இருக்க முடியாது என்று சொன்னவர் மூன்ஸ்டர்பெர்க். வில்லியம் ஜேம்ஸும் அதே கருத்தைச் சொன்னார். பத்திரிகைகள் பேராசிரியரை நையாண்டி செய்தன. 1909ல் சட்ட அறிஞர் ஜான் ஹென்றி விக்மோர் ஒரு கற்பனை வழக்கே எழுதி, மூன்ஸ்டர்பெர்கைக் கூண்டில் ஏற்றி, கோர்ட் ஏற்கத்தக்க ஆதாரம் உங்கள் உளவியலில் எங்கே இருக்கிறது என்று குறுக்கு விசாரணை செய்தார். காலம் பேராசிரியர் பக்கமே சாய்ந்தது. சம்பவம் முடிந்தபின் கேட்டால் சிதறல் இன்னும் அதிகமாகும் என்று அவர் ஊகமாகச் சொன்னதை, ரிச்சர்ட் பிளாக்கும் டான் ஸகாயும் பல ஆய்வுகளைத் தொகுத்து 1997ல் உறுதி செய்தார்கள். எலிஸபெத் லாஃப்டஸும் சகாக்களும் 1987ல் வெளியிட்ட சோதனையில், அரை நிமிஷம் ஓடும் ஒரு பாங்க் கொள்ளைப் படத்தைப் பார்த்தவர்கள் அது ஓடிய நேரத்தைப் பல மடங்கு பெருக்கிச் சொன்னார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் இதைச் சிரிக்காமல் படிப்பான். நம்மில் ஒருவன் நாளை சாட்சி சொல்ல நேர்ந்தால், அவன் சொல்லும் நிமிஷங்களுக்காக இன்னொருவன் ஜெயிலுக்குப் போகக் கூடாது என்பதற்கு முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் மூன்ஸ்டர்பெர்க்.

இப்படிப்பட்டவரின் கையிலிருந்து அந்த வாக்கியம் வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவருடைய கொள்கையே, யாரும் நம்பத்தகுந்த கடிகாரம் அல்ல என்பது. அந்தக் கொள்கைக்கு அரை விநாடி எழுதியவர் மற்றவர்களைப்போல இன்னொரு சாட்சி, அவ்வளவே. ஆனால் 1882லேயே சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்ட நாடு அது. 1904ல் அந்தத் தடையைக் காலவரையறை இல்லாமல் நீட்டியது. மாணவர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. என்றாலும் தம் மக்கள் அங்கே நடத்தப்பட்ட விதத்துக்காகச் சீன நகரங்களில் 1905ல் அமெரிக்கச் சரக்குகளைப் பகிஷ்கரித்தார்கள். சட்டம் 1943ல்தான் நீங்கியது. அப்படிப்பட்ட நாட்டில் ஹார்வர்டின் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தாளில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார். வாசலில் இருந்த சட்டம் அடைப்புக்குறி வழியாக உள்ளே வந்துவிட்டது. பேராசிரியர் தீய எண்ணத்தோடு எழுதினார் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசகர் ரசிப்பார் என்று எழுதியிருப்பார். அதுதான் மோசம். வாதமாக எழுதியிருந்தால் யாராவது மறுத்திருப்பார்கள். ரசிப்பதற்காக எழுதியதை யாரும் மறுப்பதில்லை.

மூன்ஸ்டர்பெர்கும் அமெரிக்கர் அல்ல. 1863ல் டான்ஸிக்கில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஜெர்மானியர். ஜேம்ஸின் அழைப்பில் 1892ல் ஹார்வர்டுக்கு வந்தவர். 1914ல் யுத்தம் மூண்டதும் ஜெர்மனி பக்கத்து நியாயத்தை எழுதினார். பழைய மாணவர் ஒருவர், இவரை நீக்காவிட்டால் உயிலில் பல்கலைக்கழகத்துக்கு வைத்திருந்த ஒரு கோடி டாலரை ரத்து செய்வதாக மிரட்டினார். பல்கலைக்கழகம் பணியவில்லை; ஆனால் சகாக்கள் விலகினார்கள், உளவாளி என்ற பேச்சு எழுந்தது. அவர் என்ன சொன்னாலும் சொன்னவர் ஜெர்மானியர் என்ற தகவல் முன்னால் வந்து நின்றது. 1916 டிசம்பரில் ராட்கிளிஃப் கல்லூரியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். இதை விதியின் பழிவாங்கல் என்று நான் பார்க்கவில்லை. கருத்துக்குப் பதிலாகக் கருத்தைச் சொன்னவரின் ஊரைப் படிக்கும் பழக்கம், தனக்குப் பிடித்தவர்களோடு நின்றுவிடுவதில்லை என்றுதான் பார்க்கிறேன்.

நூறு பதில்களையும் வரிசையாக அச்சிட்டிருந்தால் ஒரு பக்கம்கூட ஆகியிருக்காது. அரை, ஒன்று, இரண்டு என்று தொடங்கி அறுபதில் முடியும் ஒரு பட்டியல். அதில் எல்லாருக்கும் ஒரே அளவு இடம். எங்கே கூட்டம், எங்கே இடைவெளி, அரைக்குப் பக்கத்தில் ஒன்று என்று எழுதியவர்கள் எத்தனை பேர் என்று படிப்பவனே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பட்டியல் புத்தகத்தில் இல்லை. கிடைத்திருப்பது இரண்டு கோடிகளும் ஓர் அடைப்புக்குறியும். தாளில் அந்த மாணவர் எழுதியது அரை விநாடி என்பது மட்டும். மற்றது பேராசிரியர் எழுதியது.